பக்கத்து சீட் பிரேக்

"போகட்டும் விடுங்க" ஆசாமி என்றொரு இனம் இந்த உலகத்தில் உண்டு. மற்ற நாட்களில் கண்ணில் படாது. தேர்தல் முடிந்து, ஓட்டுகளை எண்ணி, யார் ஜெயித்தார் யார் தோற்றார் என்று தெரிந்த மறுநாள் காலையில் எங்கிருந்தோ புறப்பட்டு வரும். புதிதாக எங்கிருந்தும் வந்துவிடவில்லை. முந்தின நாள்வரை டீக்கடையிலும், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும், துக்க வீட்டு வாசலிலும்கூட கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்த அதே ஆள்தான். ஆனால் அன்று காலை குளித்து, தலையைப் படிய வாரி, முகத்தில் பவுடரோடு கொஞ்சம் சாந்தத்தையும் பூசிக்கொண்டு வந்து நிற்பார். "எலெக்‌ஷன் முடிஞ்சுபோச்சு. இனிமே நாம எல்லாரும் ஒண்ணு. போகட்டும் விடுங்க" என்பார். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! சண்டை வேண்டாம் என்று சொல்லும் மனிதரை யாராவது கோபித்துக்கொள்ள முடியுமா?

முடியும். கொஞ்சம் பொறுங்கள்.

இந்த இனம் பெரும்பாலும் ஜெயித்த பக்கத்தில்தான் கிடைக்கும். தோற்றவர்களிலும் "போகட்டும் விடுங்க" என்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். சொன்ன கையோடு எழுந்தும் போய்விடுவார்கள். ஜெயித்த ஆசாமி அப்படியல்ல. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டி, இன்னொரு டீ சொல்லிவிட்டு மன்னிப்பார். யாரை? எல்லாரையும். எதற்கு? அதையெல்லாம் கேட்கக் கூடாது. போன தேர்தலில் இவர் பக்கம் தோற்றபோது, "எண்ணினதுலயே ஏதோ கோல்மால் இருக்கு" என்று அடுத்த தேர்தல் வரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாரே, அதையும் கேட்கக் கூடாது. எல்லாம் முடிந்துபோன கதை. போகட்டும் விடுங்க.

இந்த இனத்தில் அப்பழுக்கில்லாத உதாரணம் ஒன்றைப் பார்க்கவேண்டுமென்றால் நம் டிரைவிங் மாஸ்டரைப் பார்த்தால் போதும். தெருமுனை வீடு. கீழே முன்னறைதான் டிரைவிங் ஸ்கூல். சுவர் முழுக்க சாலைக்குறிகளின் படம், மேஜையில் அட்டையில் செய்த நாற்சந்தி, அதன்மேல் வகுப்பு நடத்துவதற்கென்று நாலைந்து பொம்மைக் கார்கள், ஒரு லாரி. பின்னால் மாஸ்டரின் வீடு: மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன். மாடியில் மனைவியின் தம்பி, அதாவது மச்சான். ஸ்கூலுக்கு இரண்டு வண்டிகள். ஒன்றில் மாஸ்டர் சொல்லிக்கொடுப்பார், இன்னொன்றில் மச்சான். மச்சானுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் அதுவே களைத்துப்போய் நின்றுவிட்டது. அக்கா பிள்ளைகள் இரண்டும்தான் அவருக்கு எல்லாம். மத்தியானப் பாடம் முடிந்ததும் இரண்டாம் நம்பர் வண்டியை நேராகப் பள்ளிக்கூட வாசலுக்கு விட்டு, இரண்டையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, ஊரெல்லாம் சுற்றி, எதையாவது தின்னக் கொடுத்து, "அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்வார். வந்த மறுநிமிடம் சின்னவன் அம்மாவிடம் சொல்லிவிடுவான்.

மாஸ்டருக்குத் தொழில் கொடுத்த ஒரு பழக்கம் உண்டு. ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வண்டியில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கடவுளைக் கூப்பிடும் சமயத்தில் மாஸ்டர் சத்தமில்லாமல் அதை அழுத்துவார், வண்டி நிற்கும். இருபது வருஷம் இப்படி அழுத்தி அழுத்தி, அவருடைய வலது கால் அவரைக் கேட்காமலேயே வேலை செய்யப் பழகிவிட்டது. டி.வி.யில் கார் வேகமாகப் போனால் கால் தரையை அழுத்தும். பந்தியில் யாராவது குடும்பப் பழங்கதையை எடுத்தால் மேஜைக்கு அடியில் அழுத்தும். பேச்சு தனக்குப் பிடிக்காத திருப்பத்தை நோக்கிப் போகிறது என்று மூளைக்குத் தெரியுமுன் பாதத்துக்குத் தெரிந்துவிடும். மாஸ்டரின் மனைவி அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தி வெகுகாலமாகிறது. காலைப் பார்த்துத்தான் பேசுவார்.

தேர்தலுக்கு வருவோம். மாஸ்டர் ஒரு பக்கம், மச்சான் மறுபக்கம். அது ஒன்றும் உலக அதிசயமில்லை. பிரசாரம் நடந்தபோதெல்லாம் கீழேயும் மேலேயுமாக வார்த்தைகள் பறந்தன. அக்கா இடையில் நின்று, "ரெண்டு பேரும் ஓட்டுப் போட்டுட்டு வந்து இதே வீட்லதான் சாப்பிடணும், ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முடிவு வந்த அன்று டி.வி. முன்னால் எல்லாரும் இருந்தார்கள். மாஸ்டரின் பக்கம் ஜெயித்தது. அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. முதல் நம்பர் வண்டியை எடுத்துக்கொண்டுபோய், 'பழகுநர்' போர்டு முன்னாலும் பின்னாலும் ஆட, ஹார்னை அழுத்திப் பிடித்தபடி தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தார் மாஸ்டர். "மருத்துவமனை அருகில் ஹார்ன் அடிக்கக் கூடாது" என்று மாதம் முப்பது பேருக்குச் சொல்லிக்கொடுப்பவர். திரும்பி வந்தவரிடம் மச்சான் ஒரு சொல் சொன்னார்: "ஜால்ரா." மாஸ்டர் பதிலுக்கு ஒரு வாக்கியம் சொன்னார்.

ஜால்ரா என்று மச்சான் சொன்னது மாஸ்டருக்கு நேற்று நடந்ததுபோல ஞாபகம் இருக்கிறது. சொன்னபோது மச்சான் போட்டிருந்த கோடு போட்ட சட்டை, அதில் இரண்டாவது பட்டன் இல்லாதது, சாய்ந்து நின்ற கதவு, அந்தக் கதவு கிறீச்சிட்டது எல்லாம் அப்படியே இருக்கிறது. சரி, மாஸ்டர் சொன்ன அந்த வாக்கியம் என்ன? அவரையே கேட்டுப் பாருங்கள். "நானா? நான் என்னங்க சொன்னேன்? ஏதோ கோபத்துல ரெண்டு வார்த்தை" என்பார். நடிக்கவில்லை. உண்மையிலேயே ஞாபகம் இல்லை. இந்த இனத்தின் நினைவாற்றலே அப்படி. காதுக்குள் போனது கல்வெட்டு. வாயிலிருந்து வந்தது ஆவி.

மறுநாள் காலை குடும்பக் குழுவில் மாஸ்டர் ஒரு செய்தி போட்டார். "தேர்தல் முடிந்தது. வெற்றி தோல்வி சகஜம். நாம் எல்லோரும் ஒரே குடும்பம். கசப்புகளை மறந்து முன்னேறுவோம்." கீழே கைகுலுக்கும் படம், வணங்கும் கைகள், மூன்று பூக்கள். ஐந்து நிமிடம் கழித்து அதே குழுவில், தோற்ற தலைவர் மாட்டுவண்டியில் ஊருக்குத் திரும்புவதுபோல் யாரோ செய்த கேலிப்படத்தை அனுப்பினார். "சும்மா தமாஷுக்கு" என்று கீழே எழுதியிருந்தார். மச்சான் இரண்டையும் பார்த்தார் என்று நீலக் குறி காட்டியது. பதில் வரவில்லை.

அன்று மத்தியானம் பள்ளிக்கூட வாசலுக்கு இரண்டாம் நம்பர் வண்டி போனது. அதற்கு அடுத்த நாள் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

மாஸ்டர் கவலைப்பட்டாரா? இல்லை. அவர் ஊரை ஒன்றுசேர்ப்பதில் மும்முரமாக இருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த, வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவிடம், அவர் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதைத் தேடிக்கொண்டிருக்கும்போது, "மேடம், நீங்க எந்தப் பக்கம்னு நான் கேக்கமாட்டேன். எந்தப் பக்கமா இருந்தாலும் நான் மன்னிச்சுட்டேன்" என்றார்.

"நான் என்ன மாஸ்டர் தப்பு பண்ணேன்?"

"அதான் சொல்றேனே, போகட்டும் விடுங்க. கிளட்ச்ல கவனமா இருங்க."

டீக்கடையில், முடிவெட்டும் கடையில், பாங்க் வரிசையில் எங்கு பார்த்தாலும் மன்னித்தார். மன்னிக்க ஆள் கிடைக்காத நாளில் மாடிப்படியைப் பார்த்து, "அவனையும் எப்பவோ மன்னிச்சாச்சு" என்று உரக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

ஒரு மாலை மனைவி வேலையிலிருந்து வந்தார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கும் வேலை. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று பொய் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. "வலிக்கும்" என்று சொல்லிவிட்டே குத்துவார். அப்படியே இதையும் சொன்னார்.

"தம்பி போறான்."

"எங்க?"

"ஊருக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு டிரைவிங் ஸ்கூல் வந்திருக்காம். அடுத்த மாசத்துலேருந்து அங்க. பக்கத்துலயே வீடும் பார்த்துட்டான். மாடியைக் காலி பண்றான்."

மாஸ்டர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் எல்லாத்தையும் மறந்துட்டேன். அவன்தான் பிடிச்சு வெச்சிருக்கான்."

"எதைப் பிடிச்சு வெச்சிருக்கான்னு கேட்டீங்களா?"

மேஜைக்கு அடியில் கால் அழுந்தியது. மனைவி அதைப் பார்த்தார்.

"பிரேக் போட்டது போதும். பிள்ளைங்ககிட்டயாவது பேசுங்க. மாமா ஏன் வரலைன்னு தினமும் கேக்குதுங்க. நான் என்ன சொல்றது?"

பிள்ளைகளிடம் பேசுவதா? அந்தக் கலை தெரியாதவரா நம் ஆசாமி? "தேர்தலுக்குப் பின் குழந்தைகளிடம் பேசுவது எப்படி" என்று கண்ணாடி போட்ட ஒரு நிபுணர் பேசிய வீடியோவை அவர் ஏற்கெனவே பதினாறு பேருக்கு அனுப்பியிருந்தார். இப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தார். குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள் என்றார் நிபுணர். எளிய உதாரணம் சொல்லுங்கள் என்றார். கேள்வி கேட்க விடுங்கள் என்றார். கடைசியாக அணைத்துக்கொள்ளுங்கள் என்றார். மாஸ்டர் முன்னறையில் நாற்சந்தி அட்டையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, ஒரு கையால் நாற்காலியையும் மறுகையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு கண்மட்டத்துக்கு இறங்கினார். இறங்கும்போதே எப்படி எழுவது என்ற கவலையும் கூடவே இறங்கியது.

"இங்க பாருங்க. இது வெள்ளை கார். இது மஞ்சள் வேன். ரெண்டும் ஒரே நேரத்துல நாற்சந்திக்கு வருது. ஒண்ணுதான் முதல்ல போகமுடியும். சரியா?"

"லாரி?" என்றான் சின்னவன்.

"லாரி இந்தக் கதையில இல்ல. ரெண்டு வண்டியும் நின்னுச்சு. மக்கள் எல்லாரும் சேர்ந்து, வெள்ளை கார் முதல்ல போகட்டும்னு சொல்லிட்டாங்க. இதுதான் எலெக்‌ஷன். அப்ப மஞ்சள் வேன் என்ன பண்ணணும்?"

"ஹார்ன் அடிக்கணும்" என்றான் சின்னவன்.

"அடிக்கக் கூடாது. பொறுமையா நிக்கணும். வெள்ளை கார் போனதும் பின்னாடியே போகணும். ரெண்டும் ஒரே ரோடுதானே? ஒரே ஊர்தானே? அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு."

நிபுணர்கூட இவ்வளவு அழகாகச் சொல்லியிருக்க மாட்டார். மாஸ்டர் அணைத்துக்கொள்ளக் கையை விரித்தார். ஆனால் கேள்வி கேட்க விடுங்கள் என்பது அணைப்புக்கு முன்னால் வருகிறதே. பெரியவள் வெள்ளை காரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, வெள்ளை கார் போறப்ப வேனை இடிச்சிட்டுப் போனா?"

"இடிக்கலையே."

"இடிச்சா?"

"இடிச்சா... தெரியாம இடிச்சிருக்கும். போகட்டும்னு விட்டுடணும்."

"யாரு விடணும்? இடிச்ச வண்டியா, இடிபட்ட வண்டியா?"

மாஸ்டர் வெள்ளை காரை அவள் கையிலிருந்து வாங்கி அட்டையில் வைத்தார்.

"நீங்கதானே கிளாஸ்ல சொல்வீங்க, இடிச்சா வண்டியை நிறுத்தி, இறங்கிப் பாக்கணும், பாக்காம போனா லைசென்ஸ் போயிடும்னு?"

தரையில் மடக்கியிருந்த வலது கால் தானாக நீண்டு, நாற்சந்தி அட்டையை ஓர் உதை உதைத்தது. வெள்ளை காரும் மஞ்சள் வேனும் இரண்டு பக்கம் உருண்டன. சின்னவன் கைதட்டி, லாரியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"போய்ப் படி, போ" என்றார் மாஸ்டர்.

இந்த இனத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாகவேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. இது கெட்ட இனம் அல்ல. கெட்டவனுக்கு "போகட்டும்" என்ற வார்த்தையே தேவைப்படாது. பந்தம் அறுந்துபோகக் கூடாது என்ற பயம் இதற்கு நிஜமாகவே உண்டு. புண்ணைத் திறந்து பார்க்கவும் பயம். ஆகவே சட்டையை இழுத்து மூடிவிட்டு ஆறிவிட்டது என்று அறிவிக்கிறது. நாம் இவரைப் பார்த்துச் சிரிக்கிறோம், சரி. நமக்கு மட்டும் இறங்கிப் பார்க்கத் தெரியுமா? யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? எந்த வகுப்பில்?

போகட்டும், அதை அப்புறம் பார்ப்போம்.

சனிக்கிழமை காலை. மாடியில் அட்டைப்பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது. மாஸ்டர் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி சாலைக்குறிகளின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படிக்கட்டில் பாதி ஏறி, "மச்சான்! ரெண்டாம் நம்பர் வண்டியில ஏதோ சத்தம் வருது. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரேன்" என்றார். வண்டியில் சத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. மாஸ்டருக்குப் பேசத் தெரிந்த ஒரே இடம் வண்டிதான். அதுவும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால்தான்.

மச்சான் இறங்கி வந்தார். கோடு போட்ட சட்டை; பட்டன் இன்னும் இல்லை. ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். மாஸ்டர் பக்கத்து சீட்டில். கிளம்பும் நேரத்தில் பெரியவள் ஓடிவந்து, யாரையும் கேட்காமல் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

வண்டி மெயின் ரோட்டுக்கு வந்தது. பெட்ரோல் பங்க் வந்ததும் மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"மச்சான், எலெக்‌ஷன்லாம் வரும், போகும். நாம எல்லாரும் ஒண்ணுதான். நான் எதையும் மனசுல வெச்சுக்கல."

"நீங்க வெச்சுக்கமாட்டீங்க அத்தான். அன்னிக்கு நீங்க..."

சடக். வண்டி குலுங்கி நின்றது. எஞ்சின் ஆஃப் ஆனது. மூவரும் முன்னால் சாய்ந்து பின்னால் வந்தார்கள்.

"என்னாச்சு?"

"நாய்" என்றார் மாஸ்டர். "குறுக்கே வந்துது."

மச்சான் இடமும் வலமும் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார். மார்க்கெட் ரோடு. ஒரு லாரியைத் தாண்டி நேராக்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

"ஓட்டு ஜெயிக்கறது தோக்கறது எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பிள்ளைங்க நிக்கறப்ப அன்னிக்கு..."

சடக்.

"இப்ப என்ன?"

"குழி. பெரிய குழி. நல்லவேளை."

புத்தம்புதுசாகத் தார் போட்ட ரோடு. கோடுகூட இன்னும் காயவில்லை.

மூன்றாவது முறை ரவுண்டானாவுக்கு நடுவில் நடந்தது. மச்சான் "அன்னி" என்றுதான் சொன்னார்; "க்கு" வருவதற்குள் வண்டி நின்றுவிட்டது. பின்னால் பஸ். அதற்குப் பின்னால் ஊர். நாலு பக்கமும் ஹார்ன். ஸ்கூட்டரில் வந்த ஓர் அம்மா ஜன்னலோரம் நிறுத்தி, 'பழகுநர்' போர்டைப் பார்த்து, மச்சானைப் பார்த்து, மாஸ்டரைப் பார்த்து, "ரெண்டு பேர்ல யாருப்பா கத்துக்கறது? வீட்ல பொம்மை கார் வெச்சுப் பழகிட்டு ரோட்டுக்கு வாங்க!" என்று சொல்லிவிட்டுப் போனார். இருபது வருஷத்தில் மாஸ்டரைப் பார்த்து யாரும் கேட்காத கேள்வி.

பின்சீட்டிலிருந்து பெரியவள் குரல் வந்தது. கோபமாக இல்லை, கணக்கில் விடை சொல்வதுபோல் இருந்தது.

"நாயும் இல்ல, குழியும் இல்ல. மாமா 'அன்னிக்கு'ன்னு சொன்னாலே நீங்க பிரேக் போடறீங்க."

மச்சான் குனிந்து மாஸ்டரின் காலைப் பார்த்தார். மாஸ்டரும் பார்த்தார். தன் கால் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அவரே அப்போதுதான் பார்ப்பதுபோல் இருந்தது. பாதம் பிரேக்கின் மேல் இருந்தது. வண்டி நின்று எவ்வளவோ நேரம் ஆகியும் அழுத்திக்கொண்டே இருந்தது.

பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து ஏதோ திட்டினார். மாஸ்டர் மெதுவாகச் செருப்பைக் கழற்றினார். ஒரு காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்தார். சீட் பெல்ட்டுக்கும் தொப்பைக்கும் நடுவில் இடம் தேடி மறுகாலையும் தூக்கி, அதன்மேல் மடக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். முழங்கால் ஒன்று கதவில் இடித்தது, இன்னொன்று கியரில் இடித்தது.

"பேசு" என்றார்.

மச்சான் வண்டியைக் கிளப்பினார். ரவுண்டானாவை ஒருமுறை சுற்றினார். எந்த ரோட்டில் திரும்புவது என்று தெரியாமல் இன்னொருமுறையும் சுற்றினார்.

"நீங்க அன்னிக்குச் சொன்னீங்க அத்தான். 'உன்னை மாதிரி ஆளுகிட்ட என் பிள்ளைங்களை விட்டேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்'னு. இதுங்க ரெண்டும் நின்னு கேட்டுட்டிருந்துது."

"நான்... அப்படியா சொன்னேன்?"

"சொன்னீங்க" என்றாள் பெரியவள். "சமையலறை வாசல்ல நின்னுட்டு. கையில ரிமோட் இருந்துது. சொன்னதும் பின்னாடி மூடி கழண்டு பேட்டரி கீழ விழுந்துது."

அப்பாவைப் போலவே நல்ல ஞாபகசக்தி.

மச்சான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதைக்கூட விட்டிருப்பேன். வீட்டுக்குள்ள சொன்னதுதானேன்னு மறுநாள் வழக்கம்போல இதுங்க ஸ்கூல் வாசலுக்குப் போனேன். இது கேட் பக்கத்துல வந்துச்சு. என்னைப் பார்த்துச்சு. தினமும் ஓடிவந்து கதவைத் திறக்கற பொண்ணு, அன்னிக்கு அங்கேயே நின்னுச்சு. ஏறலாமா கூடாதான்னு யோசிச்சுட்டு நின்னுச்சு அத்தான். என்னைப் பார்த்து."

பின்சீட்டில் பெரியவள் சீட் உறையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "அப்பா திட்டுவாரோன்னு நினைச்சேன்" என்று முணுமுணுத்தாள். "உங்க மேல பயம் இல்ல மாமா."

மாஸ்டரின் வாய் தன் வழக்கமான வேலைக்குத் தயாரானது. "சரி, போக..." என்று ஆரம்பமும் ஆகிவிட்டது. கூடவே வலது காலும் இறங்கப் பார்த்தது. இறங்கவில்லை. சம்மணம் போட்டுப் பழக்கமில்லாத கால், உடம்பின் எடையெல்லாம் தாங்கி நன்றாக மரத்துப்போயிருந்தது. அசைத்துப் பார்த்தார். அது அவருடைய கால் மாதிரியே இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த வழியில்லை, மச்சான் காத்துக்கொண்டிருந்தார், பின்னால் மகள் காத்துக்கொண்டிருந்தாள். அழுத்த ஒன்றும் கிடைக்காத மனிதன் வேறு என்ன செய்வான்?

"தப்பு" என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, "என் தப்புதான்" என்றார். திரும்பி மகளிடம், "நான் சொன்னது தப்பும்மா. மாமாகிட்ட உன்னை விட்டது தப்பு இல்ல" என்றார். இதைச் சொல்லும்போது அவர் கண்மட்டத்துக்கு இறங்கவில்லை. கழுத்து சுளுக்கிக்கொள்ளும்படி திரும்பி, சீட்டின் தலைப்பகுதிக்குப் பக்கத்தில் ஒற்றைக் கண் மட்டும் தெரியும்படிதான் சொன்னார். உதாரணமும் சொல்லவில்லை.

மச்சான் கியரை மாற்றினார். நாலு தெரு தள்ளி, "நானும் ஜால்ரான்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

"அது பரவாயில்ல" என்றார் மாஸ்டர். "எனக்கு அது ஞாபகமே இல்ல."

பெரியவள் சிரித்துவிட்டாள்.

வீட்டு வாசலில் மாஸ்டரால் வண்டியை விட்டு இறங்க முடியவில்லை. மரத்த காலை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல முதலில் காலைத்தான் பார்த்தார். "வலிக்குதா?" என்று கேட்டார். "ரொம்ப" என்றார் மாஸ்டர். "வலிக்கும்" என்றார் அவர்.

எல்லாம் சரியாகிவிட்டதா? மாடியில் அட்டைப்பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை மச்சான். ஆனால் திங்கட்கிழமை மத்தியானம் இரண்டாம் நம்பர் வண்டி பள்ளிக்கூட வாசலில் நின்றது. பெரியவள் கேட் அருகே வந்தாள். நிற்கவில்லை. ஓடினாள். சின்னவன் அவளுக்கு முன்னால் ஓடிப்போய் ஹார்ன் அடித்தான்.

மாஸ்டரா? அவர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. மறுநாளே டீக்கடையில், "சார், எதையும் மூடி வைக்கக் கூடாது. உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசித் தீர்த்துடணும். நான் எங்க வீட்ல அப்படித்தான் பண்ணேன்" என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த எலக்ட்ரீஷியன், "அப்படின்னா சொல்றேன் மாஸ்டர். போன வாரம் நீங்க என்னைப் பத்தி..." என்று வாயைத் திறந்தார். பெஞ்சுக்கு அடியில் ஒரு டம்ளர் உருண்டது.

நன்றாகச் சிரித்தாயிற்று. படிக்கும்போதே உங்களுக்கு யாரோ ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார்: ஓர் அண்ணன், ஒரு சித்தப்பா, அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர். இதை அவருக்கு அனுப்பிவைக்கலாம் என்றும் தோன்றியிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்குமுன் ஒரு நிமிடம். இந்தத் தேர்தலுக்குப் பிறகு உங்களோடு பேச்சைக் குறைத்துக்கொண்ட ஒருவர் இருப்பாரே... வேண்டாம், யாரென்று சொல்லவேண்டாம். அவர் இப்போது உங்கள் எதிரே வந்து உட்கார்ந்து, "அன்னிக்கு நீங்க..." என்று ஆரம்பிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெதுவாகக் குனிந்து பாருங்கள். உங்கள் வலது கால் என்ன செய்துகொண்டிருக்கிறது?